மல்லாட்டை மில்லுக்கு மாப்பிள்ளை

எங்கள் மாவட்டத்தில் ஒரு மண்டபத்தில் பதிவுத் திருமணம் நடத்த வேண்டுமென்றால், முதலில் அந்த மண்டபத்துக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். கல்யாணம் ஆகாத கட்டடத்துக்கு உரிமம் தர மாட்டார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், எனக்கும் தெரியும். ஆனால் மில்லுக்கு வெள்ளையடித்து, தரைக்குச் சிவப்பு ஆக்ஸைடு போட்டு, மின்விசிறிகளைத் தொங்கவிட்டு, பந்தல்காலுக்குக் குழிகூடத் தோண்டிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மில் என்றால் மல்லாட்டை மில். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். என் அப்பா முதலில் வீட்டைக் கட்டினார், பிறகு அதை ஒட்டியே மில்லைக் கட்டினார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கிணறும் ஒரு முருங்கை மரமும்தான். கடலை உடைக்கும் இயந்திரத்தை விற்றதிலிருந்து மில் பூட்டியே கிடந்தது. அதைத் திறக்க வைத்தவள் எங்கள் ஒரே மகள் சிந்துஜா.

அவள் கட்டிக்கொள்ளப் போகிற ஜெரால்டு சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். ஆவணி பிறந்ததும் கப்பலேற வேண்டும். ஏறினால் அடுத்த வருடம்தான் கரையைப் பார்ப்பான். கோயில் மண்டபத்துக்காரர்கள், இரண்டு பேரும் இந்துவாக இருந்தால் சந்தோஷம் என்றார்கள். மாதா கோயில் மண்டபத்துக்காரர்கள், இரண்டு பேரும் கிறிஸ்தவராக இருந்தால் சந்தோஷம் என்றார்கள். இரண்டு இடத்திலும் நல்ல காபி கொடுத்தார்கள். மிச்சம் இருந்தது சார்பதிவாளர் அலுவலகத்து அறை. அதில் ஒரு மேசையும் பத்திரக் கட்டுகளும் பெண்ணும் மாப்பிள்ளையும் போக வேறு யாருக்கும் இடமில்லை. மற்றவர்கள் மாடிப்படியில் நிற்க வேண்டும்.

"மாடிப்படியில நின்னா அவங்க வீட்டு ஆளுங்க மேல் படியில நிப்பாங்க, நம்ம பெரியப்பா கீழ்ப் படியில நிப்பாரு. கையெழுத்துப் போட்டதும் ரெண்டு பக்கமா கலைஞ்சு போயிடுவாங்க," என்றாள் சிந்துஜா. "எனக்கு நகையும் வேணாம், பட்டும் வேணாம்ப்பா. ரெண்டு வீட்டு ஆளுங்களும் ஒரே பாயில உக்காரணும். அதுக்கு ஒரு கூடம் வேணும்."

நியாயமான ஆசை. என் அண்ணன் தெய்வநாயகம், ஜெரால்டின் பெயரைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஜெரால்டின் சித்தப்பா ரொசாரியோவும் அந்தப் பக்கம் அதேபோல் ஜெரால்டு வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேள்வி. இவர்களை ஒரே பாயில் உட்கார வைக்க மில்லைவிட்டால் வேறு வழி இல்லை. அதனால்தான் வெள்ளையடித்தேன்.

சார்பதிவாளர் மங்கையர்க்கரசி நல்ல மனுஷி. குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே நமக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வரும்.

"மண்டபம் கல்யாணமானதா சார்?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லைங்க."

"வயசு?"

"அப்பா கட்டி அம்பது வருஷத்துக்கு மேல இருக்கும்."

"அவ்வளவு நாளா வீட்டோடவா வெச்சிருந்தீங்க?"

எனக்கு அவமானமாக இருந்தது. மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தவரைக்கும் அந்தப் பேச்சு எழவில்லை என்றேன். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு எல்லா வீட்டிலும் இப்படித்தான் தள்ளிப்போகிறது என்று அவர் ஆறுதலாகச் சொன்னார்.

மறுநாள் பார்வையிட வந்தார். மில்லின் பெரிய கதவைத் தள்ளிப் பார்த்தார். அது உள்பக்கமாகத் திறந்தது. "பெண்," என்று குறித்துக்கொண்டார். கதவு வெளிப்பக்கம் திறந்தால் ஆண், உள்பக்கம் திறந்தால் பெண். ஆண் என்றால் ஒரு வரன் தானாகத் தேடி வரும். பெண் என்றால் சீர், செனத்தி, சம்பந்தியிடம் கைகட்டி நிற்பது எல்லாம் நம் தலையில்.

"கதவைக் கழட்டித் திருப்பி மாட்டிட்டா?" என்று கேட்டேன்.

"பொறந்தப்ப எப்படித் திறந்துச்சோ அதுதான் சார் கணக்கு." போகிற போக்கில் எங்கள் வீட்டுக் கதவையும் இழுத்துப் பார்த்தார். அது வெளியே திறந்தது. "இது அண்ணனா? நல்லது. மூத்தது பொண்ணா இருந்தா இன்னும் சிக்கல்," என்றார்.

பிறகு மில்லுக்குள் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு குறை சொன்னார். மணப்பெண் உடை மாற்றத் தண்ணீர் வசதியோடு தனியறை இல்லை. உரிமம் வந்த ஒரு வருடத்துக்குள் அது வந்துவிட வேண்டும்.

"கொத்தனாரைக் கூப்பிட்டு நாளைக்கே கட்டிடறேங்க."

"உரிமம் கேட்டு வந்த கட்டடத்துல கொத்தனார் கை படக் கூடாது. அறை தானா வரணும்."

"இப்ப உரிமம் இல்லையே. அதுக்கு முன்னாடியே வந்துட்டா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியேவா?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். கட்டினதுக்கே கல்யாணம் பண்ணிப்பார் என்று ஒருத்தரும் சொல்லி வைக்கவில்லை. தரகர் கலியபெருமாள் வந்து, அப்பா கடைக்கால் போட்ட நேரத்தை வைத்து ஜாதகம் எழுதினார். வரன்களும் வந்தன. நூலகக் கட்டடத்துக்குப் படித்த பெண்தான் வேண்டுமாம். உரக் கிடங்கு வசதியான இடம், ஆனால் வாடை. ஒரு வங்கிக் கிளை தானாகவே வந்து பேசியது. விசாரித்தால் அது நிற்கிற இடமே வாடகை. ஊர்க்கோடியில் இருந்த பழைய லாக்கப் அறையைக் கலியபெருமாள் சொன்னபோது என் மனைவி செங்கமலம் எழுந்து உள்ளே போய்விட்டாள். கை நீட்டுகிற குடும்பத்தில் பெண் கொடுப்பதில்லை என்று உள்ளே இருந்தே சத்தம் போட்டாள்.

கடைசியில் அமைந்தது ஒரு ஐஸ் பேக்டரி. கடற்கரையில், மீன் இறங்குதுறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. படகுக்காரர்களுக்கு ஐஸ்கட்டி போட்டுக் கொடுக்கிற தொழில். சொந்த இடம், சொந்த போர்வெல், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. உரிமையாளர் அஞ்சலாட்சி, புருஷன் போன பிறகு தனியாளாக நின்று தொழிலை நடத்துகிறவர்.

பெண் பார்க்க வந்தார்கள். பையனும் வந்து எதிரே இருந்த காலி மனையில் நின்றான். நல்ல உயரம், நெற்றியில் கொஞ்சம் துரு, வாய் திறக்கவில்லை. தெருவில் இருந்தவர்கள் தங்கள் கட்டில்களை அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு நல்ல வெயில்.

அஞ்சலாட்சி கேசரியைச் சாப்பிட்டபடியே மில்லைச் சுற்றி நோட்டம் விட்டார். கூட வந்த அவருடைய மாமன் ஒருவர், யாரும் பார்க்காதபோது சுவரை நகத்தால் சுரண்டி, எந்தச் சூளைச் செங்கல் என்று பார்த்தார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

"நாங்க அதெல்லாம் பாக்கறதில்லீங்க," என்றார் அஞ்சலாட்சி, மாமனை முறைத்துக்கொண்டே. "பொண்ணு இதுக்கு முன்னாடி என்னா வேல பாத்துக்கிட்டு இருந்துச்சு?"

"மல்லாட்டை உடைச்சிக்கிட்டு இருந்தா."

"இனிமே?"

"கல்யாணம் நடத்தற வேலைங்க. அதுக்குத்தான் உரிமம் வாங்கறோம்."

"மருமவ வேலைக்குப் போறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா எங்க ஊட்டுல இருந்துதான் போவணும்."

நான் அவசரத்தில் இருந்தேன். பங்குனி போய்க்கொண்டிருந்தது, ஆவணி வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வைகாசியில் முகூர்த்தம். நடுத் தூணுக்குப் பட்டுப் புடவை சுற்றினோம். ஒரு புடவை போதவில்லை, நாலைந்தை முடிச்சுப் போட்டோம். மஞ்சள் கயிறு எட்டாமல் கலியபெருமாள் ஏணி வைத்து ஏறினார். தாலி ஏறியபோது மேலே ஓடுகள் ஒரு முறை சிலிர்த்தன. சாட்சிக்கு வந்திருந்த மங்கையர்க்கரசி, அங்கேயே உரிமத்தில் முத்திரை குத்தி என் கையில் கொடுத்தார். ஆனி மாதத்தில் சிந்துஜாவுக்கு ஒரு நாள் பார்த்துவிடலாம் என்று செங்கமலத்திடம் சொன்னேன்.

பந்தியில் பாயசம் போகும்போதே மண்டபம் புகுந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டது.

அஞ்சலாட்சி நல்ல நேரம் போய்விடும் என்று அவசரப்படுத்தினார். இலையில் உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி வெளியே நிறுத்தினோம். மண்டபம் தெருமுனைவரை போய் நின்றது. திரும்பி வந்து முருங்கை மரத்தை ஒரு முறை உரசியது. பிறகு மாப்பிள்ளைக்குப் பின்னால் போனது. எனக்கு அழுகை வந்தது. அப்பா கட்டியது, அம்பது வருடம் ஒரு சத்தம் போடாமல் பக்கத்திலேயே இருந்தது, ஒரு நாள்கூட அதை என் மகள் என்று நான் நினைத்ததில்லை. செங்கமலம் என்னைப் பிடித்துக்கொண்டாள். சிந்துஜா மட்டும் காலி மனையைப் பார்த்தபடி, "அப்ப எனக்கு?" என்று கேட்டாள். வெளுத்த தரையும் கொஞ்சம் மல்லாட்டைத் தோலும்தான் அங்கே இருந்தன.

உரிமம் என் கையில், மண்டபம் கடற்கரையில். அடுத்த நாள் காலையிலேயே அலுவலகத்துக்குப் போனேன்.

"பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போனா விலாசம் மாறத்தானே செய்யும் சார்," என்றார் மங்கையர்க்கரசி. "உரிமம் உங்க மனையில நிக்கறப்ப மட்டும்தான் செல்லும். அந்த ஊரு வேற எல்லை. அங்க நடத்தணும்னா மாப்பிள்ளை சம்மதத்தோட அங்க விண்ணப்பிக்கணும்."

"மாப்பிள்ளை பேசறதே இல்லைங்களே."

"அப்ப மாமியார் சம்மதம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. அவர் சொன்ன எதுவும் தப்பில்லை. அதுதான் எரிச்சல். தப்பாக இருந்தால் ஒரு சண்டை போடலாம்.

நானும் செங்கமலமும் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் பஸ் ஏறினோம். ஐஸ் பேக்டரிக்குப் பக்கத்தில், கொஞ்சம் ஒதுங்கி, எங்கள் மண்டபம் நின்றுகொண்டிருந்தது. உள்ளே வலைகளைக் குவித்திருந்தார்கள். மின்விசிறி இறக்கையெல்லாம் மீன் செதில். சிவப்புத் தரையில் உப்பு பூத்திருந்தது. செங்கமலம் தூணைத் தடவி, "இளைச்சுப் போயிட்டாளே," என்றாள். கதவு லேசாக உள்பக்கம் போய் வந்தது.

அஞ்சலாட்சி எங்களை நன்றாகத்தான் கவனித்தார். வஞ்சிரம் வறுத்துப் போட்டார். ஆனால் விஷயத்தை எடுத்ததும் கையை விரித்தார். "நேத்து வந்த மருமவள இன்னிக்கு வேலைக்கு அனுப்பினா ஊரு என்னாங்க பேசும்? சம்பாரிச்சுப் போடத்தான் கட்டியாந்தம்பாங்க. ஒரு வருஷம் போவட்டும்."

ஒரு வருடத்தில் ஜெரால்டு எந்தக் கடலில் இருப்பானோ. பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் எல்லோரையும் திட்டிக்கொண்டு வந்தேன். கதவை உள்பக்கம் வைத்த அப்பாவை, காபி கொடுத்தே அனுப்பிவைத்த இரண்டு கோயில்காரர்களை, கப்பல் கம்பெனியை. செங்கமலம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"திட்டி முடிச்சாச்சா?" என்றாள். "ஆடி வருது. தலை ஆடிக்குப் பொண்ண அழைச்சாந்துதானே ஆவணும்?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் வரன் தேடி அலைந்த என் மண்டையில் இது ஏறவில்லை. கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண் தாய்வீட்டுக்கு வர வேண்டும். அழைக்கப் போனால் அனுப்ப மாட்டேன் என்று சொன்ன சம்பந்தி எங்கள் பக்கத்தில் கிடையாது. மண்டபம் வந்து எங்கள் மனையில் நிற்கும். நின்றால் உரிமம் செல்லும்.

"ஆனா ஆடியில யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா?" என்றேன்.

"கோயில்ல பண்ண மாட்டாங்க. நாம கோயில்லயா பண்றோம்?"

ஜெரால்டிடம் கேட்டதற்கு, "கப்பல்ல ஆடியே வராது மாமா. ஜூலைக்கு அப்புறம் ஆகஸ்ட்டுதான்," என்றான். மங்கையர்க்கரசியும் அலுவலகத்துக்கு ஆடி கிடையாது என்றார். அந்த மாதம் முழுக்க ஒருத்தரும் வராமல் தான் சும்மா உட்கார்ந்திருப்பதாகவும், ஒரு கல்யாணம் கிடைத்தால் சந்தோஷம் என்றும் சொன்னார். எங்களுக்குச் சந்தோஷம் என்று ஒரு அதிகாரி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆடிச் சீரோடு போய் மண்டபத்தை அழைத்துவந்தோம். அஞ்சலாட்சி முகம் கொடுத்துப் பேசவில்லை என்றாலும் தடுக்கவில்லை. "மாசம் முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுடணும். மாப்ள அந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான், அத நான் பாத்துக்கறன்," என்றார். ஆடியில் ஒன்றாக இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்பதால் அந்த மாதம் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும். செதிலைச் சுரண்டி, உப்பைக் கழுவி, மண்டபத்தைத் துடைத்து வைத்தோம். வந்த நாலு நாளில் சுவரில் கொஞ்சம் சதை போட்டது.

கல்யாணத்தன்று வெயில் கொளுத்தியது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அன்றைக்கு முருங்கை இலைகூட அசையவில்லை. மண்டபத்தில் நீளமான கோரைப்பாயை விரித்து, ஓரமாக ஜமுக்காளங்களை அடுக்கி வைத்திருந்தோம். மங்கையர்க்கரசி மேசை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சிந்துஜாவும் ஜெரால்டும், செங்கமலமும் ஜெரால்டின் அம்மாவும் இருந்தார்கள். பாயில் ஒருத்தரும் இல்லை.

எல்லோரும் வந்திருந்தார்கள். வாசலுக்கு வெளியே.

என் அண்ணன் தன் ஆட்களோடு முருங்கை மரத்தடியில் நின்றார். "ஆடி மாசக் கல்யாணத்துக்கு நான் வாசப்படி மிதிக்க மாட்டன்டா. இங்கயே நின்னு ஆசீர்வாதம் பண்றன்." அவருக்கு ஆடி ஒரு சாக்கு. தையில் வைத்திருந்தால் தைக்கு ஒன்று கண்டுபிடித்திருப்பார். ரொசாரியோ தன் ஆட்களோடு கிணற்றுப் பக்கம் நின்றார். "ஃபாதர் இல்லாத கல்யாணம். உள்ள வர்றதுக்கில்ல. வெளிய நின்னு ஜெபிச்சுக்கறோம்." இரண்டு கூட்டமும் வெயிலில் வெந்துகொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் மங்கையர்க்கரசி.

"கொஞ்சம் இருங்க மேடம்," என்றாள் சிந்துஜா. காலிப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்து அழுகையை அடக்குவது தெரிந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. வாசலில் நின்று கத்தினேன். "அம்பது வயசு மில்லுக்கு ஊர் ஊரா வரன் தேடினேன். சம்பந்தி கையில கால்ல விழுந்தேன். புடவை சுத்தி, தாலி கட்டி, அழுது அனுப்பி, மறுபடி அழைச்சாந்து கழுவி வெச்சிருக்கேன். எதுக்கு? நீங்க ஒரு பாயில உக்காரணும், அவ்வளவுதான். ஒரு கட்டடம் எனக்காக இவ்வளவு தூரம் வந்து போவுது. உங்களுக்கு ஒரு வாசப்படி ஏற முடியல!"

அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். ரொசாரியோ குடையைத் தோள் மாற்றினார்.

அப்போது தெருமுனையில் ஐஸ் பேக்டரி வந்துகொண்டிருந்தது.

தனியாகத்தான் வந்தது. வேகமாக வந்திருக்க வேண்டும், சுவரெல்லாம் வேர்த்து நீர் வழிந்தது. எதிர்மனையில் நிற்காமல் நேராக எங்கள் மனைக்குள் வந்து, மண்டபத்தை ஒட்டி, இரண்டு சுவருக்கும் நடுவே கை நுழைய முடியாதபடி நின்றுகொண்டது. மண்டபத்தின் கதவு முழுதாகத் திறந்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வாசல் வழியாக வெளியே வந்தது.

முதலில் அண்ணனுடைய மருமகள் கைக்குழந்தையோடு உள்ளே போனாள். குழந்தைக்கு வேர்க்குரு என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே போனாள். அப்புறம் ரொசாரியோவின் மனைவி. பிறகு யார் முதலில், யார் பின்னால் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனும் ரொசாரியோவும் மட்டும் வெகுநேரம் தாக்குப்பிடித்தார்கள். ஒருவர் வாசற்படியின் இந்த ஓரத்திலும் இன்னொருவர் அந்த ஓரத்திலும் நின்று, குளிர் காலில் படும்படி மட்டும் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் இருந்தவர்கள் நெருக்கியதில் இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே விழுந்தார்கள்.

குளிர் ஏறிக்கொண்டே போனது. ஒரே பாயில் எல்லோரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். தள்ளி உட்கார்ந்தால் பல் கிட்டியது. ஜமுக்காளத்தைப் பிரித்துத் தலைக்குத் தலை போர்த்திக்கொண்டார்கள். கடைசி ஜமுக்காளம் அண்ணனுக்கும் ரொசாரியோவுக்கும் பொதுவாக வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அப்புறம் நான்கு முழங்காலையும் சேர்த்து மூடிக்கொண்டார்கள்.

பேனாவில் மை உறைந்திருந்தது. மங்கையர்க்கரசி அதை வாயால் ஊதிச் சூடாக்கிக் கொடுத்தார். சிந்துஜா கையெழுத்துப் போட்டாள், ஜெரால்டு போட்டான். நிமிர்ந்து பாயைப் பார்த்துவிட்டு என் மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு மில்லுக்கும் நான் மாப்பிள்ளை பார்ப்பேன்.

பந்தி ஆரம்பிக்கும்போது அஞ்சலாட்சி ஆட்டோவில் வந்து இறங்கினார். "ஆடி மாசத்துல பொண்டாட்டி ஊட்டுல வந்து இப்புடி ஒட்டிக்கினு நிக்கறியே, வெக்கமா இல்ல?" என்று ஐஸ் பேக்டரியைப் பிடித்து உலுக்குகிற மாதிரி சத்தம் போட்டார். அது பதில் சொல்லாமல் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, குளிர் தாங்காமல் அவரும் உள்ளே வந்து, ஜமுக்காளத்துக்குள் நுழைந்து ரசம் கேட்டார்.

ஆடி முடிந்ததும் மண்டபத்தைக் கொண்டுபோய் விட்டோம். ஜெரால்டு கப்பலேறினான். சிந்துஜா அவன் அம்மாவோடு போய் இருந்தாள். வீட்டில் நானும் செங்கமலமும் மட்டும். சாயங்காலங்களில் காலி மனையைப் பார்க்கிறபடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம்.

கார்த்திகை அடைமழையில் அஞ்சலாட்சி போன் செய்தார். "மழ ஆரம்பிச்சதுலேர்ந்து மருமவ கூரை ஒரு சொட்டு ஒழுவலீங்க. எனக்கு அப்பவே சந்தேகந்தான். முழுவாம இருக்குது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கணக்குப் பாத்தா சித்திரையில வருது. எல்லாம் அன்னிக்கு அவன் வந்து நின்ன வேல. நான் தலையெழுத்தேன்னு இருக்கன்."

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தூண்களுக்குக் கண்ணாடி வளையல் அடுக்கி, மாசியில் மண்டபத்தை அழைத்துவந்தோம். மங்கையர்க்கரசியும் போன் செய்தார். உரிமம் கொடுத்து ஒரு வருடம் ஆகப் போகிறது, தண்ணீர் வசதியோடு தனியறை என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"சித்திரையில எதிர்பார்க்கிறோங்க."

"நல்லது சார். அஸ்திவாரத்துல வெயில் படாம பாத்துக்கங்க."

சிந்துஜா தினமும் போன் செய்து, அக்கா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். ஆணா பெண்ணா, என்னப்பா ஆசை என்று ஒரு நாள் கேட்டாள். ஆணோ பெண்ணோ, குழாயில் தண்ணீர் வந்தால் போதும் என்றேன்.

சித்திரையில் ஒரு காலை, மண்டபத்தின் தெற்குப் பக்கம் சின்ன அறை ஒன்று பிறந்திருந்தது. சுண்ணாம்பு ஈரம் இன்னும் காயவில்லை. கூரை உச்சியில் இரண்டே இரண்டு ஓடு. கலியபெருமாள் கதவைத் தொட்டுப் பார்த்தார். வெளிப்பக்கம் திறந்தது. "பையன்," என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். அஞ்சலாட்சி முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். பிள்ளை பார்க்க வந்த கூட்டத்தால் எதிர்மனையில் இடமில்லாமல் ஐஸ் பேக்டரி தெருவிலேயே நின்றது. பால்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மங்கையர்க்கரசி வந்து, குனிந்து உள்ளே போய்க் குழாயைத் திருகினார். முதலில் அது வீறிட்டது. பிறகு தண்ணீர் வந்தது. அவர் குறித்துக்கொண்டு, பையிலிருந்து கல்கண்டை எடுத்து நிலைப்படியில் வைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். தாய்மாமன் எங்க?"

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். கிணறு இருந்தது, முருங்கை மரம் இருந்தது. அவற்றுக்கு அந்தப் பக்கம் வீடு இல்லை. பால்காரர் ஒருவர், கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அது கடைத்தெருப் பக்கம் போனதாகவும், வெள்ளிக்கடை வாசலில் கடை திறக்கக் காத்துக்கொண்டு நிற்பதாகவும் சொன்னார். மருமகனுக்கு அரைஞாண் எடுக்கத்தான் போயிருக்கும்.

செங்கமலம் மண்டபத்தில் பாயை விரித்தாள். எல்லோரும் உட்கார்ந்தோம்.

"அடுப்புல பால் வெச்சிருந்தேன்," என்றாள்.

பொங்கினால் அது இறக்கி வைத்துவிடும் என்றேன்.